தோற்றது யார்?

அமெரிக்கக் கல்லூரிகளில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய கால்பந்தாட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கிறது. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1976இல் வெளியிட்ட ஆய்வு அதற்கடுத்த திங்கட்கிழமையைப் பற்றியது. ஏழு பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் உடையைக் கணக்கெடுத்தார்கள். அணி வென்ற வாரங்களில் பல்கலைக்கழகப் பெயரும் சின்னமும் பொறித்த சட்டைகள் வகுப்பில் கூடுதலாகத் தெரிந்தன. தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது 'நாங்கள் ஜெயித்தோம்' என்றவர்களைவிட 'நாங்கள் தோற்றோம்' என்றவர்கள் குறைவு.

'நாங்கள் ஜெயித்தோம்' என்பதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். தான் செய்யாததில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் மனம் இல்லாவிட்டால் ஊர் என்றோ நாடு என்றோ எதுவும் இராது. பொய், தோல்விக்குப் பின் வரும் 'அவர்கள்' என்ற சொல்லில் இருக்கிறது. சனிக்கிழமைவரை இருந்த உறவு திங்கட்கிழமை மறுக்கப்படுகிறது. பந்தை நழுவவிட்ட இருபது வயதுப் பையனால் மட்டும் அப்படிச் சட்டை மாற்ற முடியாது. 2025 முதல் கல்லூரியே அவனுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது. 'கூலி வாங்குகிறவன்தானே' என்று விலகிக்கொள்வது இன்னும் சுலபம்.

முன்னோரின் பெருமையில் பங்கு கேட்கிறவன், அவர்கள் செய்த கொடுமையை 'அந்தக் காலத்து மனிதர்கள்' கணக்கில் எழுதுவதும் இதே காரியம்தான். 'நாங்கள்' என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. தோற்ற வாரத்திலும் சொல்கிறானா என்பதே கேள்வி.