மடியும் மதிப்பெண்ணும்

ஸ்ரீரங்கம் உத்தர வீதி வீட்டில் அத்தை பாத்திரம் தேய்த்து முடிக்க மதியம் மூன்றாகும். தேய்த்ததையே திரும்பத் தேய்ப்பாள். விரலிடுக்கில் ரத்தம் கசியும். திருச்சியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் எடுத்தது 1989இல் வெளியான யேல்-பிரவுன் அளவுகோல்: பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40.

"இதனால் உங்கள் அன்றாட வேலை எவ்வளவு கெடுகிறது?"

"இதுதானே டாக்டர் என் வேலை?" என்றாள் அத்தை.

அந்த வரியில் 0 விழுந்தால் அவள் நலமா? கெடுவதற்கு அவளுக்கென்று வேறு பொழுது இருந்திருந்தால் மதிப்பெண் ஏறியிருக்கும். மடி பிசகியதென்று வடித்த சாதத்தைக் கொட்டச் சொன்ன அத்திம்பேர் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேள்வி இல்லை.

அதற்காக எல்லாப் பழியையும் ஆசாரத்தின் தலையில் போடவும் எனக்கு மனமில்லை. எதிர்வீட்டு மாமிக்கும் அதே மடிதான். பத்து மணிக்குள் முடித்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். வித்தியாசத்தைப் பிடித்தது அந்தத் தாள்தான். "செய்யாமல் இருக்க முயன்று பார்த்தீர்களா?" என்றதும் அத்தை அழுதாள்.

"தினமும் பார்க்கறேன். முடியலை."

நாற்பது வருஷத்தில் யாரும், நான் உட்பட, அவளிடம் கேட்காத கேள்வி அது. நாங்கள் கேட்டதெல்லாம், "இன்னுமா தேய்ச்சு முடியலை?"