நோயின் பெயரில் கைகழுவல்

2023 ஜூலை 31 அதிகாலை, ஜெய்ப்பூரிலிருந்து மும்பைக்குப் போய்க்கொண்டிருந்த ரயிலில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர். இறந்தவர்களில் ஒருவர் அவருடைய மேலதிகாரி. மற்ற மூவரும் முஸ்லிம் பயணிகள், அவர்களில் ஒருவருக்குப் பூர்வீகம் கர்நாடகத்தின் பீதர். முன்கோபி, மனநிலை சரியில்லாதவர் என்ற விளக்கம் உடனே வந்துவிட்டது. அவர் தாமாகவே சிகிச்சை எடுத்துக்கொண்டு அதைத் துறையிடம் மறைத்துவிட்டார் என்று ரயில்வே தரப்பிலிருந்து ஓர் அறிக்கையும் வெளியானது. பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. மனநோய் என்று சொல்லிவிட்டால் பொறுப்பு யாரிடம் போய்ச் சேருகிறது? சுட்டவரிடம் இல்லை, ஏனென்றால் அவர் நோயாளி. துறையிடமும் இல்லை, ஏனென்றால் அவர் மறைத்துவிட்டார். நான்கு உயிர்களுக்கு யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிறது.

இந்த விளக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டும் சான்று பெங்களூரிலேயே இருக்கிறது. ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகாதவர்கள். பத்தில் ஒருவர் என்றால் நம் வீட்டிலும், அலுவலகத்திலும், மெஜஸ்டிக்கில் ஏறும் ஒவ்வொரு பஸ்ஸிலும் இருப்பவர்கள். நோய்தான் துப்பாக்கியைத் தூக்க வைக்கிறது என்றால் இந்த நாட்டில் தினமும் ரத்த ஆறு ஓடியிருக்க வேண்டும். உண்மையில் மனநோயாளிகள் வன்முறை செய்வதைவிட வன்முறைக்கு ஆளாவதே அதிகம். ஆனால் நம் பத்திரிகைகளுக்குக் கொலைகாரன் என்றாலே 'சைக்கோ'தான். தொடர் கொலை வழக்குகளில் சிக்கிய சேலத்துக்காரரான ஜெய்சங்கர் 2018-இல் பரப்பன அக்ரஹாரா சிறையில் இறந்தபோதும் அந்த அடைமொழி அவரை விடவில்லை. மகனுக்காக நிம்ஹான்ஸில் சீட்டு எடுக்க வரிசையில் நிற்கும் தாய் அந்தத் தலைப்பைப் படித்தால், அடுத்த மாதம் வருவாளா என்பது சந்தேகம்.

சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாகவே இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு, நோய் இருந்ததா என்று மட்டும் கேட்டு நிற்பதில்லை. தான் செய்வது என்ன, அது தவறா என்று அறிய முடியாத நிலையில் அந்த நேரத்தில் அவர் இருந்தாரா என்று கேட்கிறது. வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதற்கு விடை சொல்வது நம் வேலையல்ல. ஆனால் மதப் பகையைத் தூண்டியதாகவும் குற்றச்சாட்டு இருக்கிறது. மூன்று பயணிகளும் ஒரே பெட்டியில் சுடப்படவில்லை; ஒரே கணத்தில் வெடித்து அடங்கிய வெறியாக இதைப் பார்க்க முடியாது. நோய் ஒருவரின் நிதானத்தைக் குலைக்கலாம். யாரை வெறுப்பது என்பதை அவர் வெளியிலிருந்துதான் கற்றிருக்க முடியும். அதைக் கற்பித்தவர்களுக்கு எந்த மருத்துவச் சான்றிதழும் கிடையாது.

சம்பவத்துக்கு முன் தெரிந்த அறிகுறிகளுக்கு வருவோம். முதல் தகவல் அறிக்கையின்படி, அந்தக் காவலர் தமக்கு உடம்பு சரியில்லை, வல்சாட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு மணி நேரம்தானே, மும்பை வரை பணியை முடித்துவிடு என்று மேலதிகாரி வழியாகச் சொல்லப்பட்டது. பிறகு சக காவலர் ஒருவரின் கழுத்தை நெரித்து, அவருடைய துப்பாக்கியைப் பிடுங்கியிருக்கிறார். இதற்குப் பிறகும் அவர் கையில் ஆயுதம் இருந்தது. நடந்து முடிந்தபின் எல்லாமே அறிகுறியாகத்தான் தெரியும், முன்கூட்டி யாரால் கணிக்க முடியும் என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். தூங்காதவர்கள், எரிந்து விழுபவர்கள் எல்லோரும் கொலை செய்வதில்லை. அவர்களைச் சந்தேகிக்கத் தொடங்கினால் எந்த ஊரும் தாங்காது. ஆனால் இங்கே கணிப்புக்கு வேலையே இல்லை. சக ஊழியரைத் தாக்கியவர் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி இருக்கக் கூடாது என்று முடிவு செய்ய அவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. உயிரிழந்த அந்த மேலதிகாரியைக் குறை சொல்வதாகவும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது; ஓடும் ரயிலில் அவருக்கு இருந்த வழிகள் குறைவு. கேள்வி, அந்த வழிகளை வகுத்துக் கொடுத்திருக்க வேண்டிய துறைக்கு.

துறையையும் சேர்த்துக் குற்றம் சொன்னால் சுட்டவரின் பழி குறைந்துவிடாதா என்று கேட்பார்கள். குறையாது. பொறுப்பு ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறைய வேண்டும் என்ற கட்டாயமில்லை. தடுக்க முடிந்தவரும் செய்தவரும் தனித்தனியே முழுமையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு: நோயைச் சொன்னால் வேலை போகும், பதவி உயர்வு போகும் என்ற பயத்தில் காவலர்கள் வாயே திறக்க மாட்டார்கள். உண்மை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்வதோடு, பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்கத் தேவையானதை மட்டும் வெளியிட இடம் கொடுக்கிறது. ஆயுதப் படைகளும் அதே அளவுகோலைப் பின்பற்றலாம். முடியவில்லை என்று சொல்லும் காவலரிடமிருந்து அந்தக் கணமே ஆயுதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளத்தையும் பதவியையும் தொடக் கூடாது. இப்படி ஒரு விதியை எழுத ரயில்வே அமைச்சகத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் தேவைப்படாது. அதை எழுதட்டும்.