மனை விற்றலும் பற்று விடுதலும்

சேலத்தினின்று சேர்வராயன் மலைக்கு ஏறும் வழிகளுள், அடிவாரத்தினின்று 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேர்வது ஒன்று. குப்பனூர் வழியாகச் சுற்றிச் செல்வது மற்றொன்று. இப்பின்னைய வழியின் அடியிலே எம் நண்பர் ஒருவருக்கு மூதாதையர் வழி வந்த மனை உண்டு. மைந்தர் வெளியூர்களில் வாழ்கின்றனர். தங்கையர் இருவரும் தத்தம் பங்கினை வேண்டுகின்றனர். "தந்தையார் சிவபூசை செய்த இல்லத்தை விற்றல் பாவமன்றோ?" என நண்பர் எம்மை வினவினார்.

தனு கரண புவன போகங்கள் மாயையினின்று இறைவனால் உயிர்கட்குக் கூட்டப்படுவன என்பது நம் நூற்றுணிபு. மனையும் அவற்றுள் அடங்கும் கருவியே. ஆயினும், உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினதாகலின், அறுபதாண்டு ஒரு திண்ணையில் அமர்ந்தார்க்கு அத்திண்ணை தாமேயாய்த் தோன்றும். இதனை அன்பென்பாரும் உளர். ஆணவத்தின் நிழலென்பாரும் உளர். இரண்டும் கலந்ததென்பது எம் கருத்து. தந்தையாரை நினைந்து கண்ணீர் மல்குதல் குற்றமாகாது. "எனது" என்று பிறர் பங்கை மறைக்குமிடத்தே குற்றம் புகும்.

இம்மறைப்பிற்கு ஒருகாலத்துச் சட்டமும் துணை நின்றது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளிர்க்குத் தந்தை சொத்திற் பங்கு அளித்தும், குடும்பத்தார் வாழும் மனையை ஆண்மக்கள் பிரித்துக்கொள்ள இசையுங்காறும் மகளிர் பாகம் கேட்டல் ஆகாதென்று 23-ஆம் பிரிவினால் தடுத்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பிரிவை நீக்கிற்று. நம் நண்பர் பூசையறையைக் காட்டி விற்பனையைத் தள்ளுவது, நீங்கிய பிரிவைத் தம் மனத்தகத்தே மீட்டும் எழுதுவதாம். ஆன்மார்த்த இலிங்கமோ பூசிப்பாரோடு செல்வது; சுவரோடு விற்கப்படுவதன்று.

சேக்கிழார் பெருமான் காட்டும் இளையான்குடிமாற நாயனாரை ஈண்டு நினைக. செல்வம் சுருங்கிய பின், மழையிரவில் வந்த அடியார்க்கு அமுதளிக்க, விதைத்த நெல்முளையை வாரி வந்தார். விறகின்மையின் தம் வீட்டுக் கூரைக் கழிகளையே அறுத்து வீழ்த்தினார். அக்கூரை தந்தையார் வேய்ந்ததோ என்று அவர் தயங்கிற்றிலர். 'அவர் அடியார் பசிக்கு அறுத்தார். நாமோ பொருளுக்கு விற்கின்றோம்' என்பார் கூறும் தடை வலியுடைத்து. ஆதலின் விற்றலைத் துறவென்று பெயரிட வேண்டா. பற்றறுத்தேம் என்பார் விலைபேசுங்கால் ஆயிரம் ரூபாய்க்கு ஒருநாள் முழுதும் வழக்காடுதலை யாம் கண்டுளேம். தங்கையர்க்குச் சேர்வது கடன் தீர்த்தல். எஞ்சியது இல்வாழ்வான் கைப்பொருள். அவ்வளவே.

நண்பர் நினையாத பாவம் ஒன்று உண்டு. ஐப்பசி கார்த்திகையில் மலைநீர் இறங்கிப் புறக்கடைச் சுவரடியில் ஊறும். "கோடையில் வீட்டைக் காட்டினால் போதும்" என்றாராம் தரகர். வாங்குவான் இயல்பான கவனத்தாற் காணவியலாததும் தான் அறிந்ததுமான பெருங்குறையை விற்பான் வெளிப்படுத்தல் வேண்டுமென 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55-ஆம் பிரிவிலே விதிக்கின்றது. தந்தையார் பூசனைக்கு இழுக்கு வருமாயின், அது கிரயப் பத்திரத்தினால் வருவதினும் இச்சுவரடியை மறைப்பதனாலேயே வரும்.

இவற்றை எழுதி விடுத்தேம். சுவரின் செய்தியை வாங்குவார்க்கு உரைக்க நண்பர் இசைந்துள்ளார். இளைய தங்கையார் முற்றத்துக் கல்லுரலைத் தமக்கு வேண்டுமென்றாராம். அதனையும் பங்கிற் கணக்கிடலாமோ என்று மறுபடியும் வினவியுள்ளார்.