யாருடா கோலி?

தோட்டத்துத் திடலில் பந்து விளையாட ஆள் பிரிக்கும்போது கவனிச்சிருக்கீங்களா? கோல் அடிக்க எல்லாரும் ரெடி. "யாருடா கோலி?" என்றால் ஆளையே காணோம். பத்துப் பந்தைத் தடுத்தாலும் பேர் இல்லை. ஒன்றை விட்டால் திட்டு. பொதுச் சேவையும் அப்படித்தானோ?

கனடாவின் கென் டிரைடன் ஐஸ் ஹாக்கி கோலி. மொன்ட்ரியல் கனேடியன்ஸ் அணியோடு 6 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றவர். விளையாடிக்கொண்டே சட்டம் படித்தார். 1979-இல் ஓய்வு பெற்றார். 2004-இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, சமூக மேம்பாட்டு அமைச்சரும் ஆனார்.

அவர் கையில் எடுத்தது குழந்தைப் பராமரிப்புத் திட்டம். அதன் அருமை நமக்குத் தெரியும். விடியுமுன் பால்மரம் சீவப் போன நம் பாட்டிமார், பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில்தானே விட்டுப் போனார்கள்? 2005 முடிவதற்குள் 10 மாகாணங்களும் திட்டத்துக்கு இணங்கின. 2006-இல் அவர் கட்சி தோற்றது. புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அப்போ, பாடுபட்டதெல்லாம் வீணா?

"பலனை நினைக்காதே" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் சோம்பேறிக்கும் அதுவே சாக்கு. ஜெயிக்க ஆசையில்லாத கோலி பந்தைத் தடுப்பானா? பலன் வேண்டும் என்றே உழைக்கணும். பலன் கிடைத்தால்தான் நிற்பேன் என்பதுதான் தப்பு.

டிரைடன் எதிர்க்கட்சி வரிசையில் 2011 வரை நின்றார். 2021-இல் கனடா தேசியக் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தை மறுபடியும் தொடங்கியது. அப்படி நடக்கும் என்று 2006-இல் அவருக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

தோட்டத்து டியூஷன் வகுப்புக்கு இந்த வாரம் 2 பிள்ளைகள்தான் வந்தார்களா? அடுத்த வாரமும் கதவைத் திறந்து வைங்க, தம்பி.