முன்னரே எழுதப்பட்ட தீர்ப்பு

நீதி யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும் என்பதற்குத் தமிழர் மனுநீதிச் சோழனைச் சான்று காட்டுவர். பாரதூரமான குற்றங்களுக்குரிய தண்டனையைச் சட்டமே வரையறுத்து, நீதிபதியின் தற்றுணிபை அகற்றும் முறையும் இக்கொள்கையையே தனக்கு அரணாகக் கொள்கின்றது. செல்வனுக்கு ஒரு தீர்ப்பு, வறியவனுக்கு வேறொரு தீர்ப்பு என்னும் இழிவு இதனால் நீங்கும் என்பர். இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயின், அவ்விழிவு உண்மையில் நீங்குகின்றதா? சிங்கப்பூரின் அநுபவம் இங்கு நோக்கற்பாலது. போதைப்பொருட் கடத்தலுக்கு 1975 ஆம் ஆண்டில் அங்கு கட்டாய மரண தண்டனை கொண்டுவரப்பட்டது. ஹெரோயினைப் பொறுத்தவரை 15 கிராமே எல்லை. எல்லையைத் தாண்டியவனின் வறுமையோ, குடும்பச் சுமையோ, முன்னைய நன்னடத்தையோ நீதிபதியின் துலாக்கோலில் ஏறுவதில்லை. எனினும், அதனிலும் கூடிய அளவுடன் பிடிபட்டவன்மீது 14.99 கிராமுக்கு மட்டும் குற்றஞ்சாட்ட வழக்குத்தொடுநரால் இயலும். அவ்வாறு சாட்டப்பட்ட வழக்குகளும் உள. 2013 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொருளைச் சுமந்துசென்றவன் மட்டுமே எனக் காணப்படுபவனுக்கு ஆயுட்சிறை விதிக்க இடமளித்தது. ஆயின், கடத்தலைக் குலைப்பதற்கு அவன் கணிசமாக உதவினான் என வழக்குத்தொடுநர் சான்றிதழ் வழங்குதல் வேண்டும். உளநிலைப் பிறழ்வு உடையோர்க்கு மட்டுமே இதற்குப் புறம்பான வழி உண்டு.

இதனின்றும் இரு உண்மைகள் பெறப்படும். முதலாவது, தற்றுணிபு அழிந்துவிடவில்லை. திறந்த மன்றிற் காரணங் கூறித் தீர்ப்பளிப்பவரிடமிருந்து, காரணங் கூறக் கடமைப்படாத அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது. இரண்டாவது, சொல்வதற்குச் செய்தி உடையவனே பிழைக்கின்றான். பொதியைக் கொடுத்தவனின் பெயரும் அறியாத கடைநிலைச் சுமைகாரன், மறைப்பதற்கு எதுவுமின்மையாலேயே உயிரிழக்க நேரும். சமத்துவத்துக்காக இயற்றப்பட்ட சட்டம் இவ்விடத்தில் தன் நோக்கத்தையே தோற்கடிக்கின்றது.

அயல்நாடாகிய மலேசியா 2023 ஆம் ஆண்டில் வேறு வழியைத் தெரிந்தது. மரண தண்டனையை அது முற்றாக ஒழிக்கவில்லை; அதன் கட்டாயத் தன்மையையே நீக்கியது. முன்னர் தண்டிக்கப்பட்டோரும் மீளாய்வு கோரும் உரிமை பெற்றனர்.

நீதிபதிகளும் தவறுவர் அன்றோ எனில், தவறுவர். ஆயின், காரணத்தோடு எழுதப்பட்ட தவறு மேன்முறையீட்டிற் கண்டு திருத்தப்படலாம். ஆளை நோக்காது எழுதப்பட்ட சட்டத்தின் தவறு, சட்டப்படி சரியான தீர்ப்பாகவே நின்றுவிடும்.

மனுநீதிச் சோழனின் கதையை ஈண்டு மீள நோக்குதல் தகும். மைந்தனுக்குக் கழுவாய் உண்டென அமைச்சர் எடுத்துரைத்தனர். வேறு வழி அரசன் முன் இருந்தது. அவன் மணியோசை கேட்டான், நடந்ததை அறிந்தான், தானே தீர்மானித்து, அத்தீர்மானத்தின் துயரையும் தானே ஏற்றான். அவன் தண்டனையின் கடுமையை ஏற்காதவரும் அவன் பொறுப்புணர்வை மறுக்கார். தண்டிப்பவன் தண்டிக்கப்படுபவனின் முகத்தை நோக்கவேண்டிய அப்பொறுப்பையே கட்டாயத் தண்டனைச் சட்டம் நீதிபதியிடமிருந்து பறிக்கின்றது.