இரண்டு விரற்கடை

சிக்கனம் எது, கருமித்தனம் எது என்று கேட்டால் நம்மில் பலருக்கு உடனே பதில் வந்துவிடும். நாம் செய்வது சிக்கனம். அடுத்த வீட்டுக்காரர் செய்வது கருமித்தனம்! இந்தப் பதிலில் வேடிக்கை உண்டு, நியாயம் இல்லை. இரண்டும் பணத்தை மிச்சப்படுத்துகின்றன. இரண்டும் வீண் செலவை வெறுக்கின்றன. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டின் முகமும் ஒன்றுபோலவே தோன்றுகிறது. அப்படியானால் இவற்றைப் பிரிக்கும் கோடு எங்கேதான் ஓடுகிறது? மனிதர்களைப் பாத்திரங்களாக்கிப் பிழைக்கிறவனுக்கு இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. அந்தக் கோட்டை நான் கண்டது ஒரு தர்ம சாஸ்திரத்திலும் அல்ல; குளிர் இரவில் ஒரு சிறு வேனுக்குள் கதகதப்பாகத் தூங்குவது எப்படி என்ற மிகச் சாதாரணமான பிரச்னையில்.

தருமபுரி மாவட்டத்து அரூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பலகைக் கட்டில், தண்ணீர்க் குடம், ஒற்றை அடுப்பு, ஒரு பாட்டரி, கூரைமேல் ஒரு சோலார் பலகை என்று அதையே ஒரு வீடாக்கிவிட்டார். பணக்காரர்கள் இதைக் கேரவன் என்பார்கள். அவர் ‘வண்டி’ என்றுதான் சொல்கிறார். மாதம் ஒரு முறை அவரும் மனைவியும் புறப்பட்டுவிடுவார்கள். தீர்த்தமலை அடிவாரம், சித்தேரி மலை, ஏற்காடு, துணிவு வந்த பிறகு உதகமண்டலம்! தெரிந்தவர்களுடைய தோட்டத்தில் அனுமதி கேட்டு, மின்சாரக் கம்பி எட்டாத ஒரு மூலையில் வண்டியை நிறுத்திக்கொள்வார்கள்.

அரூர் வெயிலைத் தின்று வளர்ந்த ஊர். அந்த ஊர்க்காரருக்குக் குளிரோடு பழக்கம் குறைவு. ஆனால் மார்கழி, தை மாதங்களில் மலைமேல் போய்விட்டால் கதை வேறு. உதகையில் அந்த நாட்களில் விடியற்காலைப் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். வேனோ இரும்புத் தகடு. பகலில் எவ்வளவு சீக்கிரம் சுடுமோ, இரவில் அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடும். இரவு இரண்டு மணிக்குக் கட்டிலின் அடியிலிருந்து குளிர் எழும்பி முதுகெலும்பைத் தொடும்போது, உலகத்தில் உள்ள எல்லாத் தத்துவமும் மறந்துபோகும்.

நண்பர் கணக்குப் போட்டார். “இருபது ரூபாய்க் கரி போதும், சார். இரும்புச் சட்டியிலே கனல வெச்சு, கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடிட்டா விடிய விடியச் சூடு நிற்கும். அந்தக் காலத்திலே பிள்ளை பெத்த வீட்டு அறையிலே கணப்பு வெச்சாங்களே, யாருக்கு என்ன ஆச்சு?”

அவருடைய மனைவி இடைமறித்தார்: “எனக்கு மூச்சு முட்டும். ரெண்டு விரற்கடையாவது ஜன்னல் திறந்திருந்தாத்தான் நான் படுப்பேன்.”

“பாருங்க சார்! காசு கொடுத்து உண்டாக்கின சூட்டை ஆகாசத்துக்குத் தானம் பண்ணச் சொல்றா!”

நான் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அந்த இரண்டு விரற்கடை என் மனத்தை விட்டு அகலவில்லை. என் கேள்விக்குரிய கோடு அந்த இடைவெளியில்தான் ஓடுகிறது என்று எனக்குத் தோன்றியது.

முதலில் கரியின் குணத்தைப் பார்ப்போம். கரி காற்றைத் தின்றுதான் எரிகிறது. நாமும் காற்றைத் தின்றுதான் உயிர் வாழ்கிறோம். ஒரு மூடிய பெட்டிக்குள் இருவரையும் வைத்தால், ஒரே இலையில் இரண்டு பேர் சாப்பிட உட்கார்ந்த மாதிரிதான். காற்றுப் போதாதபோது கரி வெளிவிடுவது கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், விழித்துக்கொள்வோம். நன்றாகக் கனன்று சாம்பல் பூத்த கரியில் புகையே இராது. ‘இனி அபாயம் இல்லை’ என்று நாம் நினைக்கிற நேரத்தில்தான் அந்த வாயு நிதானமாக வந்துகொண்டிருக்கும். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்கிறது. தலை லேசாக வலிக்கும், குமட்டும், கை கால் சோரும். பயணக் களைப்பு என்று நினைத்துப் புரண்டு படுப்போம். அவ்வளவுதான்.

எமிலி ஜோலா என்ற பிரெஞ்சு நாவலாசிரியரை நம் வாசகர்கள் பலர் அறிவார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் துயரத்தை 1885-ல் ‘ஜெர்மினல்’ என்ற நாவலாக எழுதியவர். அவரே 1902 செப்டம்பர் இறுதியில், பாரிஸில் தம் படுக்கையறையில், கணப்பில் எரிந்த கரியின் நச்சுக் காற்றால் இறந்தார். புகைபோக்கி அடைபட்டிருந்தது. யாரோ பகைவர்கள் வேண்டுமென்றே அடைத்தார்கள் என்ற சந்தேகம் பிற்காலத்தில் எழுந்ததும் உண்டு. எப்படியானாலும், கரியின் கொடுமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன மனிதருக்கே அது தம் அறைக்குள் வந்து நின்றது தெரியவில்லை. அறிவு இருந்தும் பயனில்லை. மூக்குக்கு எட்டாத விஷத்தை அறிவு எப்படிக் கண்டுபிடிக்கும்?

பாரிஸ் வரை போகவேண்டாம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், இறைச்சி வாட்டிய கரி அடுப்பை அணைக்காமல் அறைக்குள் விட்டுத் தூங்கிய இருவர் எழுந்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு ஊழியர்கள் இறந்து கிடந்தார்கள். அவர்கள் தேடியது சூடு அல்ல, குளிர்ச்சி. குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் நச்சுப் புகை வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. சூட்டுக்காகவோ குளிருக்காகவோ, மூடிய கதவுக்குள் நடந்தது ஒன்றுதான்.

பிரசவ அறைக் கணப்பு ஏன் கொல்லவில்லை என்று நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வீடுகளுக்கு ஓட்டுக் கூரை, ஓலைக் கூரை. ஓட்டுக்கு ஓடு சந்து. கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி. ஏழையின் வீடு தன் குறைகளாலேயே அவனைக் காப்பாற்றியது. அதற்காக அந்தப் புகையைப் புகழ்ந்து பாடவும் நான் தயாரில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. குடிசை மெதுவாகக் கொன்றது; ரப்பர் பட்டை வைத்து இறுக்கிய இன்றைய வண்டிக் கதவு ஒரே இரவில் கொல்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர் ஒரு கேள்வி போட்டார். அது என்னைச் சிறிது நேரம் மௌனமாக்கியது உண்மை. “நீங்க சொல்றது சரி, சார். டீசலில் ஓடுற ஹீட்டர் இருக்குது. வெளிக்காற்றையே இழுத்து எரிஞ்சு, புகையைக் குழாய் வழியா வெளியே தள்ளிட்டு, சூட்டை மட்டும் உள்ளே தருது. நல்லதாப் பார்த்து வாங்கி ஒழுங்காப் பொருத்த என் பென்ஷன் தாங்குமா? உயிருக்குப் பாதுகாப்புங்கிறது பணம் இருக்கிறவனுக்கு மட்டுந்தானா?”

ஏழ்மைக்கு உபதேசம் செய்வது சுலபம். ‘மலிவானதை விடு, உயர்ந்ததை வாங்கு’ என்று சொல்கிற நீதி, நீதியே அல்ல. அது கடைக்காரரின் விளம்பரம். ஆகவே மலிவான வழி ஒன்று இருந்தாகவேண்டும். இருக்கிறது. அது தருமபுரிச் சீமையில் புதிதும் அல்ல.

அறுவடை முடிந்த காடுகளில் ஆட்டுக்கிடை போட்டுவிட்டு, திறந்த வெளியில் இரவைக் கழிக்கும் இடையர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் நெருப்பு மூட்டுவதுண்டு. ஆனால் நெருப்பு தனியே இருக்கும், அவர்கள் தனியே இருப்பார்கள். கீழே வைக்கோலோ கோணியோ. மேலே தலையையும் சேர்த்து மூடுகிற முரட்டுக் கம்பளி. ஆட்டு மயிரைத் திரித்துக் கம்பளி நெய்வதைக் குலத் தொழிலாகக் கொண்ட குறும்பர்கள் இந்தப் பகுதியில் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். இடையன் தன்னைச் சுற்றியுள்ள உலகத்தைச் சூடாக்க முயல்வதில்லை. தன் உடம்பின் சூடு தன்னை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்கிறான். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

சும்மா படுத்திருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 80 முதல் 100 வாட் வரை சூட்டை வெளிவிடுகிறது. கட்டிலில் இருவர் படுத்தால் இரண்டு பெரிய குண்டு விளக்குகள் எரிகிற கணக்கு. செலவில்லாத இந்தச் சூட்டைக் காப்பதுதான் முதல் வேலை. வண்டியின் தரைக்குக் கோணியும் அதன்மேல் ரப்பர் நுரைப் பாயும், ஜன்னல் கண்ணாடிகளுக்கு உள்ளே தடித்த துணி, உலர்ந்த மாற்று உடை, தலைக்குக் குல்லாய், படுக்கும் முன் வயிற்றுக்குச் சுடச்சுடக் கேழ்வரகுக் களி.

அடுத்தது வெந்நீர். வண்டிக்கு வெளியே, திறந்த வெளியில் அடுப்பை வைத்து இரண்டு லிட்டர் தண்ணீரைச் சுடவைத்து, நன்றாக மூடும் எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். 80 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்குவதற்குள் அது சுமார் 115 வாட்-மணி சூட்டைக் கொடுத்துவிடும். இதற்கு ஆகும் எரிவாயு இருபத்தைந்து கிராம்கூட இராது. கரிச் சட்டிக்கு ஆகும் செலவைவிட இது குறைவு.

பாட்டரி இருக்கிறதே என்றால், அதற்கும் கணக்கு உண்டு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் இருப்பது 1200 வாட்-மணி. சாதாரண ஈய பாட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். 1000 வாட் ஹீட்டரைப் போட்டால் அந்தப் பாதி நாற்பது நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். 50 வாட் மின்சாரப் போர்வை என்றால் எட்டு மணி நேரத்துக்கும் 400 வாட்-மணிதான். அறையைச் சூடாக்க முயன்றால் நாற்பது நிமிஷம். ஆளைச் சூடாக்கினால் ஓர் இரவு!

மெழுகுவத்தியின்மேல் மண் தொட்டியைக் கவிழ்த்தால் அறை சூடாகும் என்று ஒரு யோசனை உலவுகிறது. தொட்டி சூட்டைத் தேக்கிவைக்குமே தவிர, இல்லாத சூட்டை உண்டாக்காது. மெழுகு தருவது எவ்வளவோ அவ்வளவுதான். இதுவும் கருமியின் கனவுகளில் ஒன்று.

சரி, உள்ளே நெருப்பே இல்லாதபோது அந்த அம்மாள் கேட்ட இரண்டு விரற்கடை எதற்கு? இரண்டு பேர் இரவு முழுவதும் மூச்சு விட்டால் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக வெளியேறும். போக வழியில்லை என்றால் குளிர்ந்த தகட்டில் முத்து முத்தாய்ப் படிந்து, வழிந்து, படுக்கையை நனைக்கும். நனைந்த போர்வை சூட்டைக் காக்காது. ஆக, சூடு போய்விடுமே என்று ஜன்னலை முழுதும் அடைக்கிறவன் கடைசியில் சூட்டையும் இழக்கிறான். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: இரண்டு விரற்கடை, மனிதர்களின் மூச்சுக்குத்தான் போதும், கரிச் சட்டிக்குப் போதாது. திறந்த ஜன்னலை நம்பிக் கனலை உள்ளே வைப்பது விஷத்தை அளந்து குடிப்பதற்குச் சமம். டீசல் ஹீட்டர் வைத்திருப்பவர்களும் விஷவாயுவை அறிவிக்கும் சிறு மணிக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் மாட்டிக்கொள்வது நல்லது.

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். இடையன் செலவழிக்கிறான், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அறிந்து விட்டுக்கொடுக்கிறான். மூக்கு நுனி குளிரட்டும், நெஞ்சு கதகதப்பாக இருந்தால் போதும் என்கிறான். இது சிக்கனம். கருமிக்கோ எதையும் இழக்க மனம் வருவதில்லை. கொஞ்சம் சூடு வெளியே போவதைக்கூட அவனால் தாங்க முடியவில்லை. அதனால் வெளியே போகவேண்டியதையும் உள்ளேயே பூட்டி வைக்கிறான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. வண்டிக்குள் தனியாகப் படுப்பவர்கள் சிலரே. பக்கத்தில் மனைவி இருப்பாள், குழந்தை இருக்கும், நண்பன் இருப்பான். கதவை மூடுகிறவர் ஒருவர். அந்தக் காற்றைச் சுவாசிக்கப்போவது எல்லோரும். தூங்குகிறவர்கள் மறுத்துப் பேச முடியாது. அந்த இருபது ரூபாய்க் கணக்கில் அவர்களுடைய மூச்சும் வரவு வைக்கப்படுவது அவர்களுக்குத் தெரியாது. தன் சௌகரியத்திலிருந்து மிச்சம் பிடிப்பது சிக்கனம். பிறருக்குச் சேரவேண்டியதிலிருந்து, அவர்கள் அறியாமல் மிச்சம் பிடிப்பது கருமித்தனம். வேலைக்காரியின் சம்பளத்தைக் குறைப்பவரும், வயதான தாயின் மருந்தைத் தள்ளிப்போடுபவரும் தங்களைச் சிக்கனக்காரர் என்றே நம்புகிறார்கள். அவர்களும் ஜன்னலை மூடிக்கொண்டு கரியைக் கனல வைக்கிறவர்கள்தாம்.

நண்பர் போன தை மாதம் சித்தேரியில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு வந்தார். கம்பளி, கோணி, இரண்டு வெந்நீர் பாட்டில், கரி இல்லை. “நாலு மணிக்கு மூக்கு சில்லிட்டுப் போச்சு, சார்” என்று குறைபட்டுக்கொண்டார். “ஜன்னல்?” என்று கேட்டேன். பதிலை அவர் மனைவியே சொன்னார்: “நான் அசந்து தூங்கிட்டேன். விடியக்காலம் பார்த்தா, ரெண்டு விரற்கடை திறந்தேதான் இருந்தது.”

அவர் விழித்திருந்து குளிரை உணர்ந்த நாழிகையில், அதை மூடுவதற்கு ஒரு கை நீட்டினால் போதுமாக இருந்தது. அவர் நீட்டவில்லை.