பழங்கொடியும் விதைக்கோட்டையும்

என் அக்காள் மகன் ஐரோப்பாவில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறைக்குக் கும்பகோணம் வந்தவன், மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும் ஒரு திராட்சை மதுவின் பெருமையைப் பேச ஆரம்பித்தான். பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவர அவனுக்குத் துணிவில்லை. கதையை மட்டும் கொண்டு வந்திருந்தான்.

கிரேக்க தேசத்தில் சாந்தோரினி என்று ஒரு தீவு. எரிமலை கக்கிய சாம்பல் மண். மழை அபூர்வம். காற்றோ ஆளைத் தள்ளும். அங்கே திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. கூடை முடைவது போல் தரையோடு தரையாக வளைத்து விடுகிறார்கள். குலைகள் அந்தக் கூடைக்குள் ஒளிந்துகொண்டு பழுக்கின்றன. அசிர்த்திகோ என்ற வெள்ளைத் திராட்சை அது. கூடை கிழடாகிக் காய்ப்பு ஓய்ந்தால், மேலே வெட்டிவிட்டு அதே வேரிலிருந்து புதுக் கொடியைப் படர விடுவார்கள். வேருக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் தோட்டங்களில் பெரும்பகுதியை ஒரு வேர்ப்பூச்சி அழித்தபோதும், அந்த மண்ணில் அதன் ஜம்பம் சாயவில்லை.

"கிழக் கொடி கொஞ்சம்தான் காய்க்கும், மாமா. ஆனால் அந்தக் கொஞ்சத்திலே சாரம் அதிகம். அதற்குத்தான் அந்த விலை" என்றான்.

உள்ளேயிருந்து அக்காளின் குரல் வந்தது. "இதுக்கு ஏண்டா சீமைக்குப் போகணும்? பத்தாயத்திலே ரெண்டு வருஷம் கிடந்த நெல்லைக் குத்தி வடிச்சுப் பாரு. மல்லிகைப்பூ மாதிரி உதிர்ந்து நிக்கும். புது அரிசி குழைஞ்சு கூழாப் போகும். பழசுன்னா பழசுதான்!"

அக்காள் சொன்னது உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல. பத்தாயத்து நெல்லின் பழமை காத்திருப்பதால் வருவது. கொடியின் பழமை பிடுங்காமல் விட்டதால் வருவது. எங்கள் காவிரிக் கரையில் மூன்றாவதாக ஒரு பழமை உண்டு. அது விதையின் பழமை. நெற்பயிர் ஆறு மாதத்தில் செத்துப் போகிறது. அதற்கு ஏது நூறு வயது? ஆயினும் சீரகச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கின்றன என்றால், ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி, காய வைத்து, வைக்கோல் பிரியால் கோட்டை கட்டி வைத்தார் என்று அர்த்தம். திராட்சைக் கொடியைச் சில ஆண்டுகள் மறந்திருந்தாலும் அது உயிரோடு இருக்கக்கூடும். விதையை மறந்தால் சங்கிலி அறுந்துபோகும்.

எங்கள் வீட்டில் அது அறுந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1960-களின் நடுவில் அரிசி கிடைக்காமல் ஜனங்கள் தவித்த காலம். ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய வயதுக் குறுவை நெல் வந்தது. தஞ்சை ஜில்லா முழுவதும் அதுவே பேச்சு. ரசாயன உரம் போட்டால் எங்கள் பழைய நெல் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். புது நெல் உரத்தைத் தின்று கதிராகத் திருப்பித் தந்தது. பெரியப்பா மாறினார். சம்பாவுக்கும் புது விதைகளையே தேடினார். அந்த ஆண்டு வீட்டில் ஒரு கல்யாணம். பரணில் மிஞ்சியிருந்த பழைய விதைக்கோட்டைகளை அவிழ்த்துக் குத்தி விருந்துக்கு வடித்தார்கள். இலையில் விழுந்ததும் கூடம் முழுவதும் மணத்தது. சம்பந்தி வீட்டார் புகழ்ந்தார்கள். நானும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டில் அதை 'நம்ம நெல்' என்றே சொல்வார்கள். அதன் உண்மைப் பெயரைச் சொல்ல இன்று ஆளில்லை.

பெரியப்பா செய்தது பாவமா? பல வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன்.

"ருசியைப் பத்திப் பேசறவன் வயிறு நிறைஞ்சவன்டா" என்றார். "அந்த நெல்லை நட்டவளும் அறுத்தவனும் ஒருநாளாவது தின்னிருப்பாங்களா? களத்திலே அவங்களுக்கு அளந்தது மோட்டா நெல்லுதான். மணத்தது நம்ம கூடம். அவங்க குடிசை இல்லே."

எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் அதற்கு முழுப் பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பழமையைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு முகம் கொடுத்தே தீர வேண்டும். உயர்ந்த சுவை என்பது பல சமயம் இன்னொருவர் வயிற்றின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் பெரியப்பாவின் நியாயம் ஒன்றைத்தான் நிரூபிக்கிறது: புது நெல்லை நட்டது சரி. கோட்டையை அவிழ்த்தது சரி என்று அது நிரூபிக்கவில்லை. வேலி நிலத்தில் ஒரு மூலையில், கால் மா அளவுக்குப் பழையது நின்றிருந்தால் யார் பட்டினி கிடந்திருப்பார்கள்? அவசியத்துக்காகச் செய்ததற்கும் அலட்சியத்தால் செய்ததற்கும் நடுவே ஒரு மெல்லிய வரப்பு இருக்கிறது. அவசரத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல இது. 1980-களில் தென் ஆஸ்திரேலிய அரசு, திராட்சை மிகுந்துவிட்டது என்று, கொடிகளைப் பிடுங்குகிறவர்களுக்குப் பணம் கொடுத்தது. கடன்பட்டவர்கள் பிடுங்கினார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் சிலர் பிடுங்கவில்லை. 2009 முதல் அங்கே பரோசாப் பகுதியில், 35 வயதுக் கொடிக்கு ஒரு பட்டம், 70-க்கு ஒன்று, 100-க்கு ஒன்று, 125-க்கு ஒன்று என்று வரிசை வகுத்திருக்கிறார்கள். பிடுங்காதவர்களுக்கு இந்தப் பட்டங்கள் வரும் என்று அப்போது தெரியாது. தெரியாமல் காத்ததுதான் அவர்களுடைய தர்மம். லாபம் தெரிந்து காப்பது வியாபாரம்.

அந்த தர்மத்தை நம் மண்ணிலும் ஒருவர் செய்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன், 160-க்கும் மேற்பட்ட பழைய ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். 2018 டிசம்பரில் காலமானார். அவர் வகுத்த முறை எளியது. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை. அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்.

பெரியப்பாவின் கேள்விக்குப் பக்கத்திலாவது வருகிற விடை அந்த நான்கு கிலோவில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பழங்கொடியின் மதுவைப் பணமுள்ளவன் வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம். கணக்கு அன்றோடு தீர்ந்தது. விதையை வாங்குகிறவனோ கடன்காரன் ஆகிறான், முன்னே இருந்தவர்களுக்கும் பின்னே வரப்போகிறவர்களுக்கும். அந்தக் கடனோடு அது நட்டவர் கைக்கும் போகிறது. ஒரு கூடத்துக்குள் அடைந்து கிடப்பதில்லை.

மருமகன் ஊருக்குப் புறப்படும்போது அக்காள் ஒரு பையில் சீரகச் சம்பா அரிசி கட்டிக் கொடுத்தாள். அவன் முகர்ந்து பார்த்துச் சிரித்தான். எனக்கு மட்டும் அந்தக் கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்தது. இரண்டு முறை கேட்டு வாங்கியவன் அல்லவா நான்?